எஞ்சின் ஒயில் மாற்றியபின் அளவு பார்த்தலும் நிரப்பலும்

மோட்டார்ச் சைக்கிளும் நீரிறைக்கும் யந்திரமும் வைத்திருக்கும் நெற் செய்கையாளர்க்கும் தோட்டச் செய்கையாளர்க்கும் உரிய குறிப்புகள்

முற்காலத்தில் மாட்டுவண்டி வைத்திருந்த கமக்காரர், அச்சுக்கு மசகு இடாமல் வண்டியைச் சந்தைக்குக் கொண்டுசெல்ல விரும்பார். மசகு வற்றிய அச்சுக் கிறீச்சிட்டுத் தன் குறையைத் தானே தெரிவித்துவிடும். இன்று கத்தரி, மிளகாய், வெங்காய மூடைகளைச் சுன்னாகம், மருதனார்மடம், கொடிகாமம் முதலிய சந்தைகளுக்குச் சுமந்து செல்வது பெரும்பாலும் மோட்டார்ச் சைக்கிளே. துலா மிதித்து இறைத்த கிணறுகளில் இன்று பெற்றோலாலோ மண்ணெண்ணெயாலோ இயங்கும் சிறு யந்திரங்கள் நீர் இறைக்கின்றன. இவ்வெஞ்சின்களுக்கு மசகாக அமைவது அவற்றின் அடிப்பாகத்திலே தங்கி நிற்கும் ஒயிலாகும். ஆயின் அவ்வொயில் குறையும்போது எஞ்சின் வண்டியச்சைப்போல் முற்கூட்டியே குரல் கொடுப்பதில்லை. சத்தம் செவியிற் படும் வேளையில் அநேகமாகச் சேதம் நேர்ந்துவிட்டிருக்கும்.

வெங்காயம் குமிழ் பருக்கும் நாட்களில் நீரிறைக்கும் யந்திரம் இறுகி நின்றுவிட்டால், அதைத் திருத்தி எடுக்கும்வரை பயிர் காத்திராது. எஞ்சினைத் திருத்தும் செலவிலும் பார்க்க விளைச்சலில் ஏற்படும் நட்டமே பெரிதாகலாம். இந்நட்டத்தைத் தவிர்ப்பதற்கு வேண்டுவன ஒரு துண்டுத் துணியும் சில நிமிட நேரமும் மாத்திரமே.

ஒயிலைக் காலத்துக்குக் காலம் மாற்றவேண்டும் என்பதைக் கமக்காரர் பலரும் அறிவர். ஆனால், புதிய ஒயிலை ஊற்றி மூடியை இறுக்கியதுடன் வேலை முடிந்துவிட்டது எனக் கருதுவோரும் பலர். அளவை எவ்வாறு பார்ப்பது, எப்பொழுது பார்ப்பது, கூடினால் என்ன, குறைந்தால் என்ன என்பவற்றை இத்துண்டுப்பிரசுரம் விளக்குகின்றது.

ஒயில் செய்யும் வேலை

எஞ்சினின் உருளைக்குள்ளே பிஸ்டன் ஒரு நிமிடத்தில் ஆயிரக்கணக்கான முறை ஏறி இறங்குகின்றது. உலோகமும் உலோகமும் நேரே உராயாதவாறு அவற்றிடையே ஒயில் ஒரு மெல்லிய படலமாக நின்று காக்கின்றது. அதனுடன் சூட்டை வாங்கி வெளிப்புறத்துக்குக் கடத்துதல், கரியையும் நுண்ணிய உலோகத் துகள்களையும் தன்னுள் ஏந்திக்கொள்ளுதல், துருப்பிடியாது காத்தல் ஆகியனவும் ஒயிலின் வேலைகளாகும். காற்றாற் குளிரும் சிறு எஞ்சின்களிலே சூட்டைக் கடத்தும் வேலை மிக முக்கியமானது. ஒயில் குறையக் குறைய, எஞ்சியிருக்கும் ஒயில் கூடிய சூட்டைத் தாங்கவேண்டியிருப்பதால் அது விரைவிற் கெட்டுவிடுகின்றது.

மோட்டார்ச் சைக்கிளுக்கும் நீரிறைக்கும் யந்திரத்துக்கும் ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. மோட்டார்ச் சைக்கிளின் எஞ்சினில் ஒயிலை மேலே அனுப்புவதற்கு ஒரு சிறு பம்பி அமைந்திருக்கும். அத்துடன் பெரும்பாலானவற்றிலே எஞ்சின், கிளச்சு, கியர் ஆகிய மூன்றும் ஒரே ஒயிலிலே தோய்ந்திருக்கும். நீரிறைக்கும் சிறு எஞ்சின்கள் பலவற்றில் இத்தகைய பம்பி இல்லை. பிஸ்டனுடன் இணைந்த தண்டின் அடியிலுள்ள சிறு அகப்பை போன்ற பாகம் ஒயிலைத் தொட்டுத் தொட்டு மேலே தெறிக்கச் செய்கின்றது. ஒயில் மட்டம் சற்றுத் தாழ்ந்தாலும், யந்திரம் சரிந்து நின்றாலும், அந்த அகப்பை ஒயிலைத் தொடாது போய்விடும். எனவே கிணற்றுக்கட்டிலோ வாய்க்கால் வரம்பிலோ யந்திரத்தை வைக்கும்போது அது மட்டமாக நிற்கின்றதா என்று பார்த்தல் அவசியம்.

ஏற்ற ஒயிலைத் தெரிதல்

நாலடிப்பு எஞ்சின்களைப் பற்றியே இங்கு கூறப்படுகின்றது. பெற்றோலுடன் ஒயிலைக் கலந்து ஓட்டும் ஈரடிப்பு எஞ்சின்களின் முறை வேறு.

ஒயிற் கொள்கலத்தின் மேல் 20டபிள்யூ-40, 10டபிள்யூ-30 என்றவாறு எண்கள் எழுதப்பட்டிருக்கும். முதலெண் குளிர்ந்த நிலையிலும், இரண்டாம் எண் எஞ்சின் சூடேறிய நிலையிலும் ஒயிலின் தடிப்பைக் குறிக்கும். எந்த எண் உரியது என்பது எஞ்சினுடன் தரப்பட்ட கைநூலிற் கூறப்பட்டிருக்கும். தடித்த ஒயிலே நல்லது என்ற எண்ணத்துடன் கைநூலுக்கு மாறாக ஊற்றுதல் தவறு.

மோட்டார்ச் சைக்கிளுக்கு வாங்கும் ஒயிலில் ஜாசோ எம்.ஏ. அல்லது எம்.ஏ.2 என்ற குறி உள்ளதா எனப் பார்த்தல் நன்று. கார்களுக்கென விற்கப்படும் ஒயில்கள் சிலவற்றில் உராய்வை மிகக் குறைக்கும் பொருள்கள் சேர்க்கப்பட்டுள்ளன. அவற்றை ஊற்றினால், ஒயிலில் தோய்ந்திருக்கும் கிளச்சு வழுக்கத் தொடங்கும். அவ்வாறாயின், மூடையுடன் ஏற்றத்தில் ஏறும்போது எஞ்சின் இரையும், வண்டி முன்னேறாது.

பழைய ஒயிலை வடித்தல்

அளவு சரியாக அமையவேண்டுமாயின் வடித்தலும் சரியாக நடைபெறல் வேண்டும். குளிர்ந்த ஒயில் தடிப்பாக இருப்பதால் முற்றாக வடியாது. எனவே எஞ்சினைச் சில நிமிடம் ஓடவிட்டு, இளஞ்சூடு ஏறியதும் நிறுத்துக. கொதிக்கும் ஒயில் கையைச் சுட்டுவிடும். ஆதலால் மிகுந்த சூடேறும்வரை ஓட்டுதல் கூடாது. மூடிய கொட்டிலுக்குள்ளோ கிணற்றுக்குள்ளோ வைத்து எஞ்சினை ஓட்டலாகாது. எஞ்சின் வெளிவிடும் புகையில் மணமும் நிறமும் அற்ற நச்சு வாயு உண்டு. அஃது உயிரைப் போக்கவல்லது.

பின்னர் மட்டமான நிலத்தில் வண்டியை நிறுத்தி, அடியிலுள்ள போல்ற்றைக் கழற்றி, ஒயிலை ஒரு பாத்திரத்தில் ஏந்துக. மேலுள்ள மூடியையும் திறந்துவிட்டால் ஒயில் தடையின்றி வடியும். துளித்துளியாக விழும் நிலை வரும்வரை பொறுத்திருத்தல் வேண்டும். வடிகட்டியுள்ள எஞ்சினாயின் கைநூலிற் கூறியவாறு அதையும் கழுவுக அல்லது மாற்றுக.

போல்ற்றை மீண்டும் பூட்டும்போது அதன் வொஷர் நசிந்திருப்பின் புதியது இடுக. எஞ்சினின் அடிப்பாகம் அலுமினியத்தால் ஆனது. அளவுக்கு மிஞ்சி முறுக்கினாற் புரி அறுந்துவிடும். தளர்வாக விட்டால் வழியிலே ஒயில் ஒழுகிவிடும். முதலிற் கையாலேயே சுழற்றி ஏற்றி, புரி நேராகப் பிடித்துவிட்டது என்று கண்டபின் சாவியால் இறுக்குக.

எவ்வளவு ஊற்றுவது?

கைநூல்களில் பெரும்பாலும் இரண்டு அளவுகள் தரப்பட்டிருக்கும். ஒன்று, ஒயில் மாற்றும்போது ஊற்றவேண்டிய அளவு. மற்றையது, எஞ்சினை முற்றாகக் கழற்றிப் பூட்டியபின் ஊற்றவேண்டிய அளவு. இரண்டாவது அளவு கூடுதலானது. எவ்வளவு நேரம் வடியவிட்டாலும் எஞ்சினின் இடுக்குகளிலும் வழிகளிலும் சிறிது பழைய ஒயில் தங்கியே இருக்கும் என்பதே இவ்வேறுபாட்டுக்குக் காரணம். ஆகவே ஒயில் மாற்றும்போது முதலாவது அளவையே கருத்திற் கொள்ளல் வேண்டும்.

100 முதல் 125 கன சென்ரிமீற்றர் வரையுள்ள மோட்டார்ச் சைக்கிள்களில் இவ்வளவு பெரும்பாலும் 1 லீற்றராகவோ அதற்குச் சற்றுக் குறைவாகவோ இருக்கும். ஐந்தரைக் குதிரைவலு கொண்ட நீரிறைக்கும் எஞ்சின்களில் ஏறக்குறைய 600 மில்லிலீற்றர் கொள்வன பல உண்டு. உங்கள் எஞ்சினுக்குரிய சரியான அளவைக் கைநூலிற் கண்டு, யந்திரத்தின் மீதோ கொட்டிற் சுவரிலோ மையால் எழுதிவைத்தல் நன்று.

ஒயில் பெரும்பாலும் 1 லீற்றர் கொள்கலத்தில் விற்கப்படுவதால் ஒரு தவறு அடிக்கடி நேர்கின்றது. ஒரு மோட்டார்ச் சைக்கிளுக்கு வேண்டியது 800 மில்லிலீற்றர் எனக் கொள்வோம். எஞ்சிய 200 மில்லிலீற்றரை வைத்திருந்து என்ன பயன் என எண்ணி, கொள்கலம் முழுவதையும் கவிழ்த்துவிடுவோர் உளர். சிக்கனம் என்று கருதிச் செய்யும் இச்செயல் எஞ்சினுக்குத் தீங்காகின்றது. மீதியை இறுக மூடித் தூசும் ஈரமும் படாத இடத்தில் வைத்திருந்தால், அடுத்த மாற்றம் வரை குறையும் ஒயிலை ஈடுசெய்ய அஃது உதவும்.

நிரப்பும் முறை

1. சுத்தமான புனலைக் கொண்டு, குறித்த அளவில் முக்காற் பங்கை மெதுவாக ஊற்றுக. மண்வாரி எடுத்த பாத்திரமும், கிருமிநாசினி அளந்த கோப்பையும் இதற்கு உதவா.

2. ஓரிரு நிமிடம் பொறுத்திருந்து அளவுகோலைப் பார்க்குக. பின்னர் 50 மில்லிலீற்றர் அளவாகச் சிறிது சிறிதாக ஊற்றி, ஒவ்வொரு முறையும் அளவைப் பார்த்து, மேற்குறிக்குச் சற்றுக் கீழே ஒயில் நிற்கும்படி செய்க.

3. மூடியை இறுக்கி எஞ்சினைத் தொடக்குக. விசையைக் கூட்டாது, மெதுவான ஓட்டத்திலேயே 3 முதல் 5 நிமிடம் வரை ஓடவிடுக. புதிய ஒயில் எல்லா இடங்களுக்கும் சென்று சேர்வதற்கு முன் எஞ்சினை இரைய வைத்தல் தீங்காகும்.

4. எஞ்சினை நிறுத்தி 2 முதல் 3 நிமிடம் வரை பொறுத்திருக்குக. மேலே சென்ற ஒயில் அடியில் இறங்குவதற்கு இந்நேரம் வேண்டும்.

5. மீண்டும் அளவு பார்க்குக. இப்பொழுது மட்டம் முன்னரிலும் தாழ்ந்திருக்கக் காணலாம். வடிகட்டியும் ஒயில் செல்லும் வழிகளும் தமக்குரிய பங்கை எடுத்துக்கொண்டமையே இதற்குக் காரணம். குறைந்த அளவை ஊற்றி மேற்குறிவரை நிரப்புக, மேற்குறியைக் கடக்கவிடலாகாது.

பலர் தவறவிடுவது இந்த ஐந்தாவது செயலையே. ஓடவிடுவதற்கு முன் பார்த்த அளவை மாத்திரம் நம்புவோர், தம்மை அறியாமலே குறைந்த ஒயிலுடன் சந்தைக்குப் புறப்படுகின்றனர். சிறிய மோட்டார்ச் சைக்கிள்களில் ஒயில் குறைவதை அறிவிக்கும் விளக்கு இல்லாதனவே மிகுதி. அவற்றில் உண்மையைச் சொல்வது அளவுகோல் ஒன்றே.

அளவுகோலைப் பார்க்கும் முறை

மோட்டார்ச் சைக்கிளைப் பக்கத் தாங்கியிற் சரித்து நிறுத்தி அளவு பார்த்தல் கூடாது. எஞ்சினுடன் ஒயிலும் ஒரு பக்கம் சரிந்து நிற்பதால் அளவு பொய்யாகும். நடுத் தாங்கியில் நிறுத்துக. அஃது இல்லையாயின் ஒருவர் வண்டியை நேராகப் பிடித்துக்கொள்ள மற்றவர் பார்க்கலாம்.

அளவுகோலை வெளியே எடுத்துப் பஞ்சு உதிராத துணியால் துடைத்து, மறுபடி உள்ளே விட்டு, எடுத்துப் பார்க்கவேண்டும். முதல்முறை எடுக்கும்போது தெரியும் அளவை நம்பலாகாது. இங்கு ஒரு சிறு நுட்பம் உண்டு. அநேக எஞ்சின்களில் அளவுகோலைத் துளையின் விளிம்பில் தங்கும்படி வைத்தே பார்க்கவேண்டும். புரியை முறுக்கி உள்ளே செலுத்தலாகாது. முறுக்கினால் கோல் மேலும் ஆழமாகச் சென்று, ஒயில் உள்ளதிலும் கூடுதலாகத் தோன்றும். வேறு சில எஞ்சின்களில் முறுக்கியே பார்க்கவேண்டும். உங்கள் எஞ்சின் எவ்வகையினது என்பதைக் கைநூலைப் பார்த்து ஒருமுறை உறுதிசெய்துகொள்க.

சில மோட்டார்ச் சைக்கிள்களில் அளவுகோலுக்குப் பதிலாக எஞ்சினின் பக்கத்தில் சிறு கண்ணாடி உண்டு. வண்டியை நேராக நிறுத்தியபின், அக்கண்ணாடியின் மேற்கோட்டுக்கும் கீழ்க்கோட்டுக்கும் இடையே ஒயில் தெரிதல் வேண்டும்.

நீரிறைக்கும் எஞ்சின்கள் பலவற்றில், எஞ்சின் மட்டமாக நிற்கையில் ஒயில் ஊற்றும் துளையின் விளிம்பு வரை ஒயில் நிற்பதே நிறைவான அளவாகும். துளையுள்ள பக்கம் தாழ்ந்திருந்தால், போதிய ஒயில் சேருமுன்னரே வழிந்து நிறைந்ததுபோல் தோன்றும். துளையுள்ள பக்கம் உயர்ந்திருந்தால் அளவுக்கு மிஞ்சி ஒயில் சென்றுவிடும். சில எஞ்சின்களில் ஒயில் குறைந்தால் தானே நின்றுவிடும் பாதுகாப்பு அமைப்பு உண்டு. வரம்பிற் சரித்து வைத்த யந்திரம் அடிக்கடி நின்றுவிடுகின்றது என்பதற்காக அந்த அமைப்பின் கம்பியைக் கழற்றிவிடுவது காவல்நாயை அடித்துத் துரத்துவதை ஒக்கும். யந்திரத்தை மட்டமாக வைத்து ஒயிலைப் பார்த்தலே முறை.

குறைந்தாலும் தீங்கு, கூடினாலும் தீங்கு

ஒயில் குறைந்தால் சூடு மிகும். பிஸ்டனும் உருளையும் கீறப்படும். ஈற்றில் எஞ்சின் இறுகிவிடும். இதனைப் பலரும் அறிவர். கூடினால் தீங்கில்லை என்ற எண்ணமே திருத்தப்படவேண்டியது. மட்டம் மிக உயர்ந்தால் சுழலும் பாகங்கள் ஒயிலை அடித்துக் கலக்கி நுரையாக்கும். நுரையிற் காற்று இருப்பதால் உராயும் இடங்களுக்குப் போதிய ஒயில் செல்லாது. உள்ளே அமுக்கம் கூடுவதால் ஒயில் மூச்சுக்குழாய் வழியாகக் காற்று வடிகட்டிக்குட் புகும். சீல்களின் ஓரத்தாற் கசியும். புகைபோக்கியால் நீல நிறப் புகை வெளிவரும். எனவே மிகுதியாக ஊற்றிவிட்டால், அடிப்போல்ற்றைச் சிறிது தளர்த்தி மேலதிகமானதை வடித்துவிடுக.

மாற்றியபின் கவனிக்கவேண்டியவை

முதல்நாட் பயணம் முடிந்தபின் அடிப்போல்ற்றைச் சுற்றித் துடைத்துப் பார்க்குக. மறுநாட் காலையில் வண்டி நின்ற நிலத்தில் ஒயிற் கறை உள்ளதா எனக் கவனிக்குக. அதன்பின் மோட்டார்ச் சைக்கிளின் ஒயிலை வாரம் ஒருமுறையும், நீரிறைக்கும் யந்திரத்தின் ஒயிலை ஒவ்வொரு முறை தொடக்குமுன்னரும் பார்த்தல் வேண்டும்.

அளவைப் பார்க்கும்போதே ஒயிலின் தன்மையையும் பார்க்குக. நிறம் கறுத்துவிட்டது என்பதனால் மாத்திரம் ஒயில் கெட்டுவிட்டதாகக் கொள்ளலாகாது. கரியை ஏந்துவதும் அதன் வேலையே. பால்போல் வெளிறியிருந்தால் நீர் கலந்துள்ளது. மாரிகாலத்தில் வெள்ளம் பாயும் வீதியையோ வாய்க்காலையோ கடந்த வண்டிகளில் இவ்வாறு நேரலாம். அவ்வொயிலை உடனே மாற்றுக. மட்டம் உயர்ந்து பெற்றோல் மணம் வீசினால், காபுரேற்றரிலிருந்து எரிபொருள் உள்ளே கசிகின்றது எனக் கொள்க. பளபளக்கும் உலோகத் துகள்கள் காணப்படின் எஞ்சினை ஓட்டாது திருத்துநரிடம் காட்டுக.

மண்ணெண்ணெயில் இயங்கும் எஞ்சின்களிற் கூடிய கவனம் வேண்டும். மண்ணெண்ணெய் பெற்றோலைப்போல் விரைந்து ஆவியாவதில்லை. எரியாது எஞ்சிய பகுதி உருளையின் சுவர் வழியே இறங்கி ஒயிலுடன் கலந்து அதனை நீர்க்கச் செய்யும். 1990 ஆம் ஆண்டின் பின்னர் வடபகுதியிற் பெற்றோல் அரிதாக இருந்த காலத்திலே, சில துளி பெற்றோலால் எஞ்சினைத் தொடக்கி மண்ணெண்ணெயில் மோட்டார்ச் சைக்கிள் ஓட்டியவர்கள் இதனை நன்கறிவர். இத்தகைய எஞ்சினில் ஒயில் மட்டம் குறையாதிருப்பது நற்குறியென எண்ணி ஏமாறலாகாது. குறைந்த ஒயிலின் இடத்தை மண்ணெண்ணெய் நிரப்பியிருக்கலாம். விரலிடையே தேய்த்துப் பார்க்கையில் வழுவழுப்பின்றி நீர்போல் இருந்தால் மாற்றுக.

எப்பொழுது மாற்றுவது?

புதிய நீரிறைக்கும் எஞ்சினுக்கு முதல் 20 மணி நேர ஓட்டத்தின் பின்னும், அதன்மேல் 100 மணி நேரத்துக்கு ஒருமுறை அல்லது 6 மாதத்துக்கு ஒருமுறையும் மாற்றும்படி பல கைநூல்கள் கூறுகின்றன. நாலு நாட்களுக்கு ஒருமுறை, ஒவ்வொரு முறையும் 4 மணி நேரம் இறைக்கும் கமக்காரர், 25 இறைப்பில், அதாவது 100 நாட்களில், 100 மணி நேரத்தை எட்டிவிடுவார். எனவே ஒவ்வொரு பயிரின் நடுகைக்கு முன்னரும் ஒயிலை மாற்றும் வழக்கத்தை மேற்கொண்டால், பயிரின் நடுவிலே கணக்குப் பார்க்கவேண்டிய தேவை பெரும்பாலும் எழாது. மண்ணெண்ணெயில் இயங்குவனவற்றுக்கு இதனிலும் முந்தி மாற்றுக.

மோட்டார்ச் சைக்கிளுக்குக் கைநூலிற் குறித்த கிலோமீற்றரே எல்லையாகும். நாளொன்றுக்கு 30 கிலோமீற்றர் ஓடும் வண்டி 100 நாட்களில் 3,000 கிலோமீற்றர் ஓடிவிடும். தூசி நிறைந்த வயற்பாதையில் மூடையுடன் ஓடும் வண்டிக்குக் குறித்த எல்லைக்கு முன்னரே மாற்றுதல் நன்று. மாற்றிய திகதியை ஒரு கொப்பியிற் குறித்துவைக்குக.

பழைய ஒயிலை என் செய்வது?

வடித்த ஒயிலை வாய்க்காலிலோ, கிணற்றடியிலோ, வேலியோரத்திலோ ஊற்றலாகாது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலத்தடியில் உள்ளது சுண்ணாம்புக்கல். அதன் வெடிப்புகளாலும் துவாரங்களாலும் மேலே ஊற்றப்பட்டது இலகுவிற் கீழிறங்கி நிலத்தடி நீரை அடையும். சுன்னாகப் பகுதிக் கிணறுகளில் எண்ணெய் கலந்திருந்தமை 2014, 2015 ஆம் ஆண்டுகளில் மக்களை எவ்வளவு துன்பத்துக்கு உள்ளாக்கியது என்பதை யாவரும் அறிவர். பயிருக்கும் குடிப்பதற்கும் நமக்குள்ள நீர் அதுவேயாகும்.

பழைய ஒயிலை மூடியுள்ள கொள்கலத்தில் இட்டு, வெளியே பெயர் எழுதி, பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வைத்து, பழைய ஒயிலைச் சேர்க்கும் திருத்துமிடத்தில் ஒப்படைக்குக. குடிநீர்ப் போத்தலிலோ பால் கொள்கலத்திலோ ஊற்றிவைத்தல் ஆபத்தானது. மாடுகளின் புண்ணுக்குப் பழைய ஒயில் பூசும் வழக்கத்தைக் கைவிடல் வேண்டும். அதில் தோலுக்கும் உடலுக்கும் கேடு விளைக்கும் பொருள்கள் உள்ளன. வேலை முடிந்ததும் கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவுக.

நினைவில் வைக்கவேண்டியவை

மட்டமான நிலத்தில் நேராக நிறுத்துக. கைநூலிற் கூறிய ஒயிலைக் கூறிய அளவில் ஊற்றுக. ஓடவிட்டு, நிறுத்தி, பொறுத்திருந்து, மீண்டும் பார்க்குக. மேற்குறியைக் கடக்கவும், கீழ்க்குறிக்குத் தாழவும் விடாதிருக்குக. பழைய ஒயிலை நிலத்தில் ஊற்றாதிருக்குக.

கைநூல் தொலைந்திருப்பின், எஞ்சினின் மீது பொறிக்கப்பட்டுள்ள பெயரையும் இலக்கத்தையும் குறித்துக்கொண்டு, அதனை விற்ற முகவரிடமோ அனுபவமுள்ள திருத்துநரிடமோ கேட்டறிக. மேலும் விளக்கம் வேண்டுவோர் தத்தம் பகுதி விவசாயப் போதனாசிரியரையோ கமநல சேவை நிலையத்தையோ நாடலாம்.